சேலீன் வேலி வெந்நீர் ஊற்றுகள்: போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கலிபோர்னியாவில், டெத் வேலி தேசியப் பூங்காவின் வடமேற்கு மூலையில், இன்யோ மலைத்தொடருக்குக் கிழக்கே சேலீன் வேலி என்றொரு பாலைவனப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயருக்கு ஏற்ற உப்புப் பூமி. அதன் ஒரு பக்கத்தில் சில வெந்நீர் ஊற்றுகள். நான் ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பியதும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், நான் சாலையைப் பற்றிப் பதில் சொல்வேன். இங்கேயும் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும்.

மேப்பில் பார்த்தால் பக்கத்தில்தானே இருக்கிறது?

மேப்பில் பக்கம்தான். ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தார்ச்சாலை முடிந்த பிறகு 40 மைல் அல்லது அதற்கு மேல் மண் சாலை. சாலை நன்றாக இருக்கும் நாளில் இரண்டரை மணி நேரம், இல்லாத நாளில் நான்கு. வழியில் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, போனில் ஒரு கோடுகூட சிக்னல் கிடையாது. வடக்கிலிருந்து வந்தால் பிக் பைன், தெற்கிலிருந்து வந்தால் லோன் பைன் அல்லது பானமிண்ட் ஸ்பிரிங்ஸ். இந்த ஊர்களில் டேங்கை நிரப்பிக்கொள்ளாமல் உள்ளே திரும்பாதீர்கள்.

ஜிபிஎஸ் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம், அது சொல்லும் வழியை அதைவிட நம்ப வேண்டாம். 2009 ஆகஸ்டில் இதே டெத் வேலியின் தென்பகுதியில், ஜிபிஎஸ் காட்டிய பாதையில் மகனோடு போன ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்தது. ஐந்து நாள் கழித்து ரேஞ்சர் கண்டுபிடித்தபோது தாய் உயிரோடு இருந்தார், மகன் இறந்திருந்தான். அதனால் காகித வரைபடம் ஒன்று வண்டியில் இருக்கட்டும். பழைய காலத்து ஆள் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

என்னுடைய சாதாரண காரில் போக முடியுமா?

சாலை காய்ந்து, சமீபத்தில் சமன் செய்யப்பட்டிருந்தால் தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக நிற்கும் எந்த வண்டியும் போகும். செடான் காரில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவர்களில் ஒருவர் அடித்தட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். இதில் ஃபோர் வீல் டிரைவைவிட முக்கியம் வண்டியின் உயரமும் டயரின் தரமும்.

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் மண் சாலையில் ஓட்டக் கூடாது என்றே சொல்லும். ஓட்டினால் காப்பீடு செல்லாது.

டயர் பற்றி எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்களே, ஏன்?

காரணம் இருக்கிறது. இந்தச் சாலையில் இரண்டு விதமான தொல்லை. ஒன்று, மைல் கணக்கில் தகரக் கூரை போல வரி வரியாக எழும்பிக் கிடக்கும் மண். அதில் வண்டி ஓயாமல் அதிரும்; போல்ட்டுகள் தளரும், ஐஸ் பெட்டிக்குள் முட்டை தயிராகும், பற்கள்கூடக் கழன்று விழுமோ என்று தோன்றும். இன்னொன்று, கத்தி போன்ற கூர்க்கற்கள். இவை டயரின் அடிப்பாகத்தைவிடப் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டவே முடியாது.

அதனால், முழு அளவு ஸ்டெப்னி ஒன்று கட்டாயம். டிக்கியில் வரும் அந்தச் சின்ன வட்டச் சக்கரம் இங்கே கணக்கில் வராது. இரண்டு ஸ்டெப்னி இருந்தால் நிம்மதி. மண் சாலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்றை 25 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். டயர் கல்லின் மேல் மெத்தென்று படியும், அதிர்வும் பாதியாகும். திரும்பித் தார்ச்சாலை ஏறும்போது காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும். பஞ்சர் கிட், உண்மையாகவே வண்டியைத் தூக்கும் ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. பலகையை மறந்தால் ஜாக்கி மணலுக்குள் இறங்குமே தவிர வண்டி மேலே வராது.

எந்த வழியில் போவது?

நான்கு வழிகள் இருக்கின்றன. முதல் தடவை போகிறவர்களுக்கு அவற்றில் இரண்டுதான் வழி.

வடக்கு வழி பிக் பைனிலிருந்து வருகிறது. கணவாய் 7,000 அடிக்கு மேல், குளிர்காலத்தில் பனி மூடும். பனி உருகும்போது நிழல் விழும் வளைவுகளில் பனிக்கட்டி கிடக்கும், கவனம். தெற்கு வழி 190ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிறது. அந்தக் கணவாய் கொஞ்சம் தாழ்வு, 6,000 அடியை ஒட்டி. அங்கும் பனி விழும், இறக்கத்தில் மழை அரித்த பள்ளங்களும் இருக்கும். எனக்குப் பிடித்தது வடக்கு. கணவாயில் பைன் மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு, ஒரு மணி நேரத்தில் புல்கூட முளைக்காத உப்புத் தரைக்கு இறங்கும் அந்த அனுபவத்துக்காகவே அந்தப் பக்கம் போகலாம்.

மூன்றாவது, ரேஸ்டிராக் பிளாயா பக்கமிருந்து இறங்கும் லிப்பின்காட் சாலை. ஒரு வண்டிதான் போகும் அகலம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. எதிரே வண்டி வந்தால் ஏறி வருபவருக்கே வழிவிட வேண்டும், அதாவது இறங்குகிறவர் பின்னாலேயே ஏற வேண்டியிருக்கும். நான்காவது, யுரேகா மணற்குன்றுகளிலிருந்து ஸ்டீல் கணவாய் வழி. இரண்டும் ஃபோர் வீல் டிரைவும் பழகிய கையும் உள்ளவர்களுக்கு மட்டும்.

கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் டெத் வேலியில் ஒரே நாளில் 2.2 அங்குலம் மழை கொட்டியது. அங்கே ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான். பூங்கா மொத்தமும் இரண்டு மாதம் மூடிக்கிடந்தது, திறக்க அக்டோபர் நடுப்பகுதி ஆனது. மண் சாலைகள் அதற்குப் பிறகும் மூடியே கிடந்தன.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கோடையில் வேண்டவே வேண்டாம். நிழலிலேயே 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வெந்நீரில் உட்கார யாருக்கு ஆசை வரும்? அந்த வெயிலில் வண்டி பழுதானால் பொழுதுபோக்குப் பயணம் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். பிப்ரவரியில் வரும் அதிபர்கள் தின நீண்ட வார இறுதியில் கூட்டம் நெரியும். தனிமை தேடுகிறவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, வாரத்தின் நடுவில் போங்கள்.

மழையே இல்லாத இடத்தில் வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

நிலம் இழுபடுவதால். கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்திலிருந்து நெவாடா முழுக்க, பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு மெலிந்துகொண்டே இருக்கிறது. இழுபடும் இடத்தில் அது பிளக்கிறது. ஒரு துண்டு மேலே நிற்கிறது, பக்கத்துத் துண்டு கீழே அமிழ்கிறது. மேலே நிற்பது மலை, அமிழ்ந்தது பள்ளத்தாக்கு. சேலீன் வேலியின் தரை கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நூறு அடி உயரத்தில்தான் இருக்கிறது. அதை ஒட்டிய இன்யோ மலைகளோ 10,000 அடியைத் தாண்டுகின்றன.

உலகின் பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். மேலோடு மெலிந்த இடத்தில் இன்னும் வேகமாக ஏறும். மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, இன்னொரு பிளவைப் பிடித்து மேலே வருகின்றன. பள்ளத்தாக்கில் மழை பெய்யாவிட்டாலும் ஊற்று வற்றாததற்கு இதுதான் காரணம். வரும் வழியில் பாறையின் தாதுக்களையும் கரைத்துக்கொண்டு வருவதால், தண்ணீர் வழிந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவம் கட்டியிருக்கும்.

அங்கே போனால் என்ன இருக்கும்?

மணற்குன்றுகளைத் தாண்டிப் போகும்போது தொலைவில் பனை மரக் கூட்டம் ஒன்று தெரியும். முதல் தடவை பார்க்கும்போது கானல் என்றே நினைப்பீர்கள். அதுதான் கீழ் ஊற்று. வெந்நீர் ஓடும் சிமென்ட் தொட்டிகள், அவற்றைச் சுற்றி நிழல், தொட்டியிலிருந்து வழியும் நீரில் வளரும் ஒரு பச்சைப் புல்வெளி. அந்தப் பனைகள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல, யாரோ நட்டவை. இன்னும் முக்கால் மைல் போனால் பாம் ஸ்பிரிங். அங்கே மரம் குறைவு, வெளி அதிகம், பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரியும். அதற்கும் மேலே இரண்டு மைலுக்கு அப்பால் மேல் ஊற்று. அங்கே தொட்டி எதுவும் கட்டவில்லை, கழுதைகள் புகாமல் வேலி மட்டும் போட்டிருக்கிறார்கள். இயற்கை இதை எப்படி வைத்திருந்தது என்று பார்க்க வேண்டுமானால் அங்கே நடந்து போங்கள்.

தொட்டிகளைக் கட்டியது அரசாங்கம் இல்லை. 1960களிலிருந்து இங்கே வந்துபோனவர்கள் சிமென்ட்டையும் குழாயையும் தாங்களே சுமந்துவந்து கட்டினார்கள். அப்போது இது நில மேலாண்மைத் துறையின் கையில் இருந்தது. 1994இல் கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் வந்து இந்தப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவோடு சேர்த்தது. இனி எல்லாவற்றையும் இடித்துவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். நடக்கவில்லை. தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுவது இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். நீங்கள் இருக்கும்போது யாராவது துடைப்பத்தோடு வந்தால் எழுந்து கைகொடுங்கள். நான் ஊர்க்கதைகளை அதிகம் கேட்டது அப்படித் தேய்க்கும்போதுதான்.

இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே இது திம்பிஷா ஷோஷோனி பழங்குடி மக்களின் நிலம். ஊற்றுகள் அவர்களுக்குப் புனிதமானவை. 2000ஆம் ஆண்டில் வந்த தாயகச் சட்டம் டெத் வேலிக்குள்ளும் வெளியிலுமாக அவர்களுக்குச் சில ஆயிரம் ஏக்கர் நிலத்தைத் திருப்பித் தந்தது. ஊற்றில் உட்கார்ந்து கத்திக் கூத்தடிப்பதற்கு முன் இது நினைவிருந்தால் போதும்.

அங்கே துணியில்லாமல் குளிப்பார்களாமே?

ஆமாம். எல்லோரும் சுற்றிவளைத்துக் கடைசியில் கேட்பது இதைத்தான். உடை அவரவர் விருப்பம் என்பது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். பலர் உடையில்லாமல் இருப்பார்கள், சிலர் நீச்சலுடையில் இருப்பார்கள். நான் அரைக்கால் சட்டையோடுதான் இறங்குவேன். இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பத்து நிமிடத்தில் அது கண்ணில் படாமலே போய்விடும். பேச்சு மறுபடி டயருக்கு வந்துவிடும்.

உறுத்துப் பார்ப்பது மட்டும் அங்கே பெரிய குற்றம். அதைவிடப் பெரியது கேமரா. தொட்டிகளின் அருகே போனைக் கையிலேயே எடுக்காதீர்கள். காட்சியைப் படம் எடுக்கத்தான் என்றாலும் எதிரே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? குழந்தைகளோடு குடும்பங்களும் வருகின்றன. உங்கள் வீட்டில் இது சங்கடமாக இருக்கும் என்று தோன்றினால் போவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள். 40 மைல் மண் சாலை தாண்டிய பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து விவாதிக்க வேண்டாம்.

தொட்டியில் இறங்க விதிமுறை உண்டா?

மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு இறங்குங்கள். சன்ஸ்கிரீன், எண்ணெய் எல்லாம் தண்ணீரில் படலமாக மிதக்கும். சோப்பு, ஷாம்பு கூடாது. கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது, உடைந்தால் வெறுங்காலோடு நடக்கும் எல்லோருக்கும் ஆபத்து. நாய் கயிற்றோடு கேம்பில் இருக்கலாம், தொட்டிக்குள் கூடாது.

எவ்வளவு சூடாக இருக்கும்? எவ்வளவு நேரம் உட்காரலாம்?

தொட்டிகளில் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஆனால் தொட்டிக்குத் தொட்டி மாறும், அன்றன்றைக்கும் மாறும். முதலில் கையை விட்டுப் பாருங்கள். செயற்கை வெந்நீர்த் தொட்டிகளுக்கு அமெரிக்காவில் சொல்லும் உச்ச அளவே 40 டிகிரிதான். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். எழுந்து, தண்ணீர் குடித்து, உடம்பு ஆறிய பிறகு மறுபடி இறங்கலாம். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பியரோடு உட்கார்ந்தால் இரண்டு மடங்கு. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறும், அவர்களுக்குச் சில நிமிடங்களே அதிகம்.

மற்ற பாலைவன ஊற்றுகளுக்கும் போகிற எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காகக் காலை வைத்துவிடாதீர்கள். 60 டிகிரி வெந்நீர் ஐந்து வினாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். மனிதர் குளித்துப் பழகிய இடமா என்று தெரியாத ஊற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் குடிக்கலாமா? அமீபா என்கிறார்களே?

குடிக்காதீர்கள். ஆழத்தில் பாறையோடு இருந்துவந்த வெந்நீரில் ஆர்செனிக் போன்றவை கரைந்திருக்கலாம், கொதிக்கவைத்தாலும் அது போகாது.

அமீபா கதை உண்மைதான். நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக உள்ளே போனால் மூளையைத் தாக்கும், பிழைத்தவர்கள் மிகமிகக் குறைவு. தொற்று மிக அரிது, ஆனால் தவிர்ப்பது சுலபம்: தலையைத் தண்ணீருக்கு மேலேயே வையுங்கள். முக்குளிக்க வேண்டாம், முகத்தில் வாரி அடித்துக்கொள்ள வேண்டாம், குழந்தைகள் தண்ணீரை வீசி விளையாட வேண்டாம்.

கட்டணம், அனுமதி?

வண்டிக்கு 30 டாலர் பூங்கா நுழைவுக் கட்டணம், ஏழு நாள் செல்லும். மண் சாலை வழியில் வாயில் காப்பாளர் கிடையாது, அதனால் இணையத்தில் முன்பே கட்டிவிடுங்கள். கேம்ப் போடத் தனிக் கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. கழிப்பறை இருக்கிறது, குப்பைத் தொட்டி இல்லை. கொண்டுபோனது அத்தனையும் உங்களோடு திரும்ப வேண்டும்.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர், அதற்கு மேல் இரண்டு நாள் உபரி. உணவிலும் இரண்டு நாள் உபரி. தலையில் மாட்டும் விளக்கு. இரவுக்கு நல்ல கம்பளி ஆடை, ஏனென்றால் ஜனவரி இரவில் உறைநிலையைத் தொடும். விறகை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், பூங்காவில் காய்ந்த குச்சியைக்கூடப் பொறுக்கக் கூடாது.

கூடாரத்தை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். மாலையில் காற்று எங்கிருந்தோ கிளம்பும். என் இரண்டாவது பயணத்தில் ஒருவருடைய கூடாரம் ஆள் இல்லாமல் உப்புத் தரையை நோக்கி உருண்டு போனதை நாங்கள் தொட்டிக்குள் இருந்தே பார்த்தோம். துரத்திப் பிடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது.

விலங்குகள் தொல்லை?

கழுதைகள்தான். சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை. சாதுவாகத் தெரியும், ஆனால் கூடாரத்தைக் கிழித்து ரொட்டியை எடுக்கும். உணவை வண்டிக்குள் வையுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு அவை கத்தும்போது யாரோ கிணற்று ராட்டினத்தை உருட்டுவது போல இருக்கும், பயப்படாதீர்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். சூடான மாலைகளில் விளக்கில்லாமல் நடக்க வேண்டாம், கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு.

குளிப்பதைத் தவிர வேறென்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அது போதாதென்றால் வானத்தைப் பாருங்கள். டெத் வேலி 2013இலிருந்து சர்வதேச இருள்வானப் பூங்கா. நிலவில்லாத இரவில் பால்வெளியின் கிளைகள்கூடத் தெரியும். பகலில் திடீரென்று போர் விமானம் ஒன்று தாழப் பறந்து வயிற்றைக் கலக்கும். சுற்றிலும் ராணுவப் பயிற்சி வான்வெளி, அதனால் அது தினசரிச் சங்கதி.

போகும் வழியில் இன்யோ மலைச்சரிவில் மரக் கோபுரங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். 1911 முதல் 1913 வரை கட்டிய உப்பு ரோப்வேயின் எலும்புக்கூடு அது. பள்ளத்தாக்கின் உப்பை வாளிகளில் ஏற்றி, 8,500 அடி உச்சியைத் தாண்டி, 13 மைலுக்கு மேல் இழுத்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறக்கினார்கள். உப்பு அருமையான உப்பு. அனுப்பும் செலவுதான் கட்டுப்படியாகவில்லை. அந்த நாளிலும் இங்கே சிக்கல் பாதையில்தான்.

வண்டி நின்றுவிட்டால்?

வண்டியை விட்டு நடக்காதீர்கள். ஆளைவிட வண்டி தூரத்திலிருந்து தெரியும், நிழலும் தரும். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று எடுத்துப்போங்கள். புதிய போன்கள் சிலவற்றிலேயே அந்த வசதி இருக்கிறது, வீட்டிலேயே பழகிப் பார்த்துவிடுங்கள். இழுவை வண்டியைக் கூப்பிட்டால் பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும், வழக்கமான சாலையோர உதவித் திட்டங்கள் அதில் பெரும்பகுதியை ஏற்காது. எங்கே போகிறீர்கள், எந்த வழியில், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது பயணத்தில் திரும்பும்போது என் பின் டயர் பக்கவாட்டில் நான்கு அங்குலம் கிழிந்தது. ஸ்டெப்னி இருந்தது. ஆனால் சக்கர நட்டைக் கழற்றும் ஸ்பேனர், கேம்ப் அடுப்பைச் சரிசெய்ய எடுத்த இடத்திலேயே, பாம் ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு கல்மேல் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பழைய டிரக்கில் வயதான தம்பதி வந்தார்கள். அவர் எதுவும் கேட்காமல் இறங்கி, டயரைப் பார்த்து, தன் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். மாற்றி முடித்ததும் அந்த அம்மா, "ஆரஞ்சு வேண்டுமா?" என்று கேட்டார். அவர்கள் அன்று உள்ளே போகிறவர்கள். அந்தக் கல்லின் அடையாளத்தைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் போனபோது கீழ் ஊற்றில் ஒரு கம்பத்தில் கம்பி போட்டு என் ஸ்பேனரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.